பதினொன்று நாற்பது

யானைக்கால் புழுவுக்குக் கடிகாரம் உண்டு.
பகலெல்லாம் நுரையீரலுக்குள் ஒதுங்கிக் கிடக்கும்.
ஊர் அடங்கி, கொசு கிளம்பும் நேரம் பார்த்து
தோலுக்கடியில் உலாவ வரும்.
அதனால் நாங்களும் இரவில்தான் போனோம்:
டாக்டர் சுகிர்தம், ஜீப் ஓட்டும் கபூர் பாய்,
கண்ணாடித் தகடுகள் அடுக்கிய பெட்டியோடு நான்.

குடியாத்தம் தாண்டி, கொத்தமேட்டுக் காலனி.
பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். நாய்கள்.
"ராவுல வந்து கதவத் தட்டறது போலீசுதான்"
என்றாள் ஒருத்தி, கையை முந்தானைக்குள் இழுத்தபடி.
டாக்டர் தன் விரலைக் குத்திக் காட்டினார்.
அடுத்த வீட்டிலும். அதற்கடுத்த வீட்டிலும்.
திரும்பும்போது அவர் கையில்
பஞ்சு ஒட்டாத விரல் ஒன்றுதான் மிச்சம்.

தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை என்று
வேலூரைக் கேலி பேசுவது பழைய வழக்கம்.
"தண்ணி இருக்கு முனிரத்தினம்" என்றார்,
ஊர்ச் சாக்கடை மொத்தமும் வந்து தேங்கும்
காலனி முனையில் கொசுப்புழு மொண்டுகொண்டு.
புழு உள்ள வீடுகளுக்குச் சிவப்பு மையில் புள்ளி வைத்தார்.
புள்ளிகள் சேர்ந்து கோடாயின.
தாசில்தார் ஆபீஸ் வரைபடத்தில் இல்லாத கோடு.
எந்தப் பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு காட்டும் கோடு.

கட்டுரையில் 'சாதி' என்று எழுதினார்.
'சமூகப் பொருளாதாரக் காரணிகள்' என மாற்றச் சொல்லிப்
பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது.
"கொசுவ மட்டும் கொசுன்னே எழுதலாமாம்."
அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில்
காலனிக்குக் குழாய் கேட்டு மனு எழுதத் தொடங்கினார்.

மாசியில், மறு சர்வே நடந்த ராத்திரி,
ஊர்ப்பக்கம் வைக்கோல்போர் எரிந்தது.
விடிவதற்குள் ஏகாம்பரத்தைப் பிடித்துப் போனார்கள்.
போன மாதம்தான் பொதுக்கிணற்றில் வாளி இறக்கியிருந்தான்.
இரவு பதினொன்று நாற்பதுக்குக் கையில் பந்தத்தோடு
மூன்று பேர் பார்த்ததாக முதல் தகவல் அறிக்கை.

டாக்டர் பதிவேட்டைப் புரட்டினார்.
தகடு எண் 214. சி. ஏகாம்பரம், வயது 26.
இடது கை, மோதிர விரல்.
நேரம் 11.40.
என் கையெழுத்து.

ஜீப் தர மாட்டோம் என்றது நிர்வாகம்.
மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு
டவுன் பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போனோம்.
"புழு வந்து சாட்சி சொல்லுமா டாக்டரம்மா?"
அரசு வக்கீலோடு சேர்ந்து பின்வரிசையும் சிரித்தது.
"பகல்ல எடுத்திருந்தா தகடு காலியா இருக்கும் ஐயா.
இதுல பதினேழு இருக்கு."
நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.
வெகுநேரம் நிமிரவில்லை.
"ஒவ்வொன்றும் உறை போட்டிருக்கிறதே" என்றார்.

பிறகு என்னை ஏற்றினார்கள்.
இது உன் எழுத்தா?
எனக்கு இரண்டு பெண்கள், வாடகை வீடு, தற்காலிக வேலை.
டாக்டர் என்னைப் பார்க்கவில்லை.
வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஆமாம் என்றேன்.
அந்த ஒரு சொல் என் ஆறு வருஷத்தைத் தின்றது.

விடுதலையாகி வந்தவனுக்குக் கால் வீங்கியிருந்தது.
தொரப்பாடி ஜெயிலில் மூன்று மாதமாக மாத்திரை இல்லை.
கைதிகளுக்கு மருந்து கேட்டு டாக்டர் போட்ட வழக்கு
வாய்தாவில் இருக்கும்போதே அவர் போய்விட்டார்.
இரங்கல் கூட்டத்தில் கொசுவைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

தகடு 214 திரும்பி வரவில்லை.
கோர்ட் பதிவறையில் ஏதோ ஒரு மூட்டைக்குள்
காய்ந்த வட்டமாக இருக்கிறது அந்த ராத்திரி.

போன வாரம் கொத்தமேடு போயிருந்தேன்.
சாக்கடைக்குச் சிமெண்ட் பலகை போட்டிருக்கிறார்கள்.
அதன்மேல் நாற்காலியில் ஏகாம்பரம்,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
மணி என்ன சார் என்றான், சிரிக்காமல்.
சொன்னேன்.
எழுதிக்கோ என்றான்.